காற்றுத்துளை

கார் டிக்கியில் இருந்த சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியை மாற்றித் தரச் சொன்னார் குணாளன். பேஸ் ஒலி திம்திம்மென்று வருவதற்காக முன்பக்கம் வட்டத் துளை விட்ட பெட்டி அது. துளையே இல்லாத, மூடிய பெட்டி வேண்டுமாம். "உள்ள நாலஞ்சு இருக்கு சார், தட்டிப் பாத்து எடுங்க," என்று அவரைக் கடைக்குள் அனுப்பிவிட்டு மெக்கானிக் அன்சாரி ஒயர்களைக் கழற்றினார்.

பின்சீட்டில் குணாளனின் மனைவி. மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "இந்த வண்டில ஏறினாத்தான் தூங்குறா, பாய். வீட்டுல கண்ணே மூட மாட்டா," என்றாள்.

பெட்டியைத் தூக்குவதற்காகத் துளைக்குள் விரலை விட்டபோது காற்று பட்டது. வெதுவெதுப்பாக வெளியே வந்தது, பிறகு உள்ளே போனது. ஒயர் தரையில் கிடந்தது. ஸ்பீக்கர் அசையவில்லை. அன்சாரி துளையை உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தார்.

"ஐயோ, பாப்பா மூச்சு விடலையே!"

கையை வெடுக்கென்று எடுத்தார். துளை காற்றை வாரி இழுத்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

குணாளன் புதுப்பெட்டியோடு வந்தபோது அன்சாரி பழைய ஒயர்களையே திரும்ப மாட்டியிருந்தார்.

"இதுவே இருக்கட்டும் சார். மாத்தாதீங்க."

"எனக்கென்ன பாய், வண்டிய வாங்குறவருதான் மூடின பெட்டி வேணும்ங்கிறாரு. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிருவாரு."

பின்சீட்டில் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது. துளையில் வைத்திருந்த அன்சாரியின் விரல்மேல் காற்று நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது.