பூவரசுக்குக் கொடுத்த முட்டு

ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற நூறு வருஷப் பூவரசு புயலில் சாய்ந்தது. விட்டுவிட மனமில்லாத தெருக்காரர்கள், முறிந்த அதன் கிளையையே நட்டு மரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

முட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "யோவ் கிழவா, நான் நகர்ந்தால் உன் கதி என்ன?" என்று தினமும் கேட்கும்.

"அதானே ராசா," என்று சிரிக்கும் மரம்.

பூக்காரி அமலோற்பவம் நாள் தவறாமல் மரத்தடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். மழை விட்ட ஒரு காலையில் முட்டுக்குத் தோளில் அரித்தது. பார்த்தால், தளிர்!

"தாத்தா, எனக்கு என்னமோ ஆகுது!"

"ஒண்ணுமில்ல ராசா. வேர் விட்டிருக்க."

ஆட்டோக்காரர் குழந்தைவேலுவும் பார்த்துவிட்டார். "அக்கா, முட்டு துளிர்த்திருச்சு! நாளையிலேர்ந்து ரெண்டு வாளி!"

அன்று சாயங்காலம் காற்று பலமாக அடித்தது. முட்டு, இருந்த ஒரே இலையைப் பொத்திக்கொண்டு கிழவன்மேல் சாய்ந்துகொண்டது.