கத்தியிடம் வந்த முட்டைக்கோஸ்

"கத்தியை எடுக்கச் சொன்னேன்மா, கும்பிடச் சொல்லலை!"

மாஸ்டரம்மா போட்ட சத்தத்தில், வேலை கேட்டு வந்தவள் திடுக்கிட்டாள். கல் மேஜையில் ஆறு கத்திகள் வரிசையாக இருந்தன. அவற்றின் எதிரே அவள் கைகட்டி நின்றிருந்தாள்.

"நானே எடுத்துக்கலாமாம்மா?"

"பின்னே? நான் ஊட்டி விடணுமா?"

பாத்திரம் தேய்ப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தினமும் இருநூறு பேர் சாப்பிடும் உணவகம் அது. சமையல்கட்டில் மாஸ்டரம்மா வைத்ததுதான் சட்டம். முதலாளிகூடத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வந்தவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. இந்த மாதத்தில் மட்டும் நாலு இடத்தில் வேலை கேட்டாயிற்று. நாலு இடத்திலும் ரெண்டு கேள்வி கேட்டு, வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இந்த வேலையாவது கிடைத்தால் தனியாக ஒரு அறை பார்க்கலாம். தங்கை வீட்டில் இருக்கும் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். இங்கே வந்ததும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்கே அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"முட்டைக்கோஸுக்கு எது?"

அகலமான கத்தியை எடுத்தாள். "இதும்மா. நல்ல கனம். நாம அழுத்தவே வேணாம், அதுவே இறங்கிடும்."

"பூண்டுக்கு?"

"இந்தக் குட்டிக் கத்தி."

"ரொட்டிக்கு?"

"பல்லு வெச்சது. மத்ததுல அறுத்தா ரொட்டி நசுங்கிடும்."

"சரி, இதுல உதவாதது எது?"

அவள் தயங்கினாள். இருப்பதிலேயே பளபளப்பான நீளக் கத்தியை எடுத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்தாள். பிடிக்காமல் வழுக்கியது.

"இதும்மா. பார்க்கத்தான் அழகு, மழுங்கிப் போச்சு. கூரான கத்தியைவிட இதுதான் ஆபத்து. வெட்டலையேன்னு அழுத்துவோம், வழுக்கிக் கையில வந்து இறங்கும். கல்லு இருந்தா தீட்டித் தர்றேன்."

"அது முதலாளி ஆசைப்பட்டு வாங்கினது. அவர்கிட்ட சொல்லிடாதே," என்று மாஸ்டரம்மா தீட்டுக்கல்லை நகர்த்தினார்.

அவள் கல்லை நனைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று இழுத்தாள். கழுவி, துடைத்து, ஒரு தக்காளியின் மேல் வைத்தாள். தோல் சத்தமில்லாமல் பிரிந்தது.

"அட! எங்கேம்மா கத்துக்கிட்டே?"

"ஒரு பெரிய கேன்டீன்லம்மா. தினமும் அறுநூறு பேருக்குச் சமையல். ஆறு வருஷம்."

"லீவு நிறைய போடுவியோ?"

"ஒரு நாள்கூடப் போட்டதில்லைம்மா."

"அடி சக்கை! இப்படி ஒரு ஆளு வேணும்னுதான் முதலாளி வேண்டாத தெய்வமில்லை. அதோ, ஜன்னல்கிட்ட முட்டைக்கோஸ் இருக்கு பாரு. பலகையும் அங்கேயே இருக்கு. ரெண்டு கூடையையும் நறுக்கிடு."

வேறு யாராக இருந்தாலும் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போயிருப்பார்கள். அவள் கத்தியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கி, நாலு முட்டைக்கோஸை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். விரல் நுனிகளை உள்ளே மடக்கி, நூல் நூலாக நறுக்கினாள். மறுபடி கத்தியை வைத்துவிட்டுப் போய், இன்னும் நாலைக் கொண்டுவந்தாள்.

"ஏங்க்கா," பாத்திரம் தேய்ப்பவரால் பொறுக்க முடியவில்லை. "கத்தியைத் தூக்கிக்கிட்டு அங்கே போனா ஒரே நடை. இப்படி அலையுறீங்களே, உடம்பு இளைக்கவா?"

"பழகிப் போச்சுங்க," என்று அவள் கூச்சத்தோடு சிரித்தாள்.

மாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நறுக்கி முடித்ததும் கத்திகளைத் தொட்டியில் போடாமல், ஒவ்வொன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வரிசையாக அடுக்கினாள். "ஆறும் இருக்கு. பார்த்துக்கங்கம்மா."

"பார்த்துட்டேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு."

அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னும் வெங்காயமே வெட்டலை, அதுக்குள்ள அழுதா எப்படி?"

"நீங்க நல்லா இருக்கணும்மா. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்," என்று கைகூப்பினாள். சந்தோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள், அங்கேயே நின்றாள். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். இவ்வளவு நல்லது செஞ்ச உங்களை ஏமாத்தினா, இங்கே சாப்பிடுற சோறு எனக்குத் தொண்டையில இறங்காது. வேலை போனாலும் பரவாயில்லை, சொல்லிடறேன். நான் இருந்த அந்தக் கேன்டீன்..."

பாத்திரம் தேய்ப்பவர் தட்டும் கையுமாக அப்படியே நின்றார்.

"நீ போய்க் குப்பையைக் கொட்டிட்டு வா," என்று மாஸ்டரம்மா அவரை விரட்டினார். கதவு சாத்தியதும் அவளுடைய ஈரக் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்லவே வேணாம். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போக ரெண்டு வருஷம் ஆச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜெயில் சமையல்கட்டுல கத்தியை மேஜையோட கட்டி வெச்சிருக்கிற சங்கிலி, நான் விடுதலையானப்போ ஒன்றரை முழம்தான் இருந்துச்சு. இப்பவாவது கொஞ்சம் நீளமாக்கினாங்களா?"