வற்றாத குளம்

முச்சந்தி வாகைமரத்து மைனாவைக் கேட்காமல் அந்தக் காட்டில் யாரும் தண்ணீருக்குப் போவதில்லை. எந்தக் குளத்துத் தவளை 'தண்ணீர்' என்று அதிகம் கத்துகிறதோ, அங்கேதான் மைனா ஆளனுப்பும். அதனால் கிழக்குக் குளத்துத் தவளை, "நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், கோடையிலும் வற்றாத தண்ணீர்" என்று தொண்டை கட்டும்வரை கத்திற்று. அதைக் கேட்ட மற்றத் தவளைகளும் 'கிழக்கே நல்ல தண்ணீர்' என்று அப்படியே கத்தின.

கோடை வந்தது. கிழக்குக் குளம் வற்றியது. தவளை வேறு வழியில்லாமல் மைனாவிடமே போயிற்று.

"இங்கே தண்ணீர் எங்கே இருக்கு?"

மைனா யோசிக்கவே இல்லை. "கிழக்கே போ. நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், கோடையிலும் வற்றாத தண்ணீர்."

தவளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பார்த்தியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? இருபது தவளை சொல்லுதே!"

பின்னால் குட்டியோடு நின்ற மான் கிழக்கே திரும்பியது. தவளை குறுக்கே பாய்ந்தது.

"போகாதேம்மா! அங்கே சொட்டுத் தண்ணி இல்லை. அந்த இருபதும் நான் கத்தினதைக் கேட்டுக் கத்தினதுதான்."

மான் குனிந்து, தவளையின் முதுகில் காய்ந்து வெடித்திருந்த சேற்றை முகர்ந்தது.

"சரி, வர்ற வழியில் நீ எங்கேயாவது ஈரத்தைப் பார்த்தியா?"

தவளையிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது கண்ணை மூடி நினைத்துப் பார்த்தது.

"கரும்பாறைக்குப் பின்னால் கால் சில்லுன்னு இருந்துச்சு. மைனாவைப் பார்க்கிற அவசரத்தில் நான் நிற்கலை."

மேலே கிளையில் மைனா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.