அசையாத எழுபத்திரண்டு

"ரீசெட் பண்ணாதீங்கக்கா, சொல்லிட்டேன்!"

"முதல்ல என் கையை விடு, செல்வின்..."

"எழுபத்திரண்டுன்னு காட்டுதுல்ல? அப்பா நல்லாத்தானே இருக்காரு!"

"அது இப்ப உள்ள துடிப்பு இல்லப்பா. எப்பவோ வந்தது. ப்ராசஸர் அப்படியே உறைஞ்சு நிக்குது."

சர்வர் அறையின் குளிரிலும் செல்வினுக்கு வியர்த்தது. வெளியூர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இதயத் துடிப்புகள் இங்கேதான் வந்து சேரும். ஒரே பெரிய கணினிக்குள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு விர்ச்சுவல் ப்ராசஸர். கையால் தொட முடியாதது, மென்பொருளால் மட்டுமே ஆனது. மற்ற கட்டில்களின் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் அப்பாவின் எண் மட்டும் அசையவில்லை. வார்டுக்குப் போட்ட ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இப்படியே விட்டா, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னாகூட அலாரம் அடிக்காதுடா," என்றாள் அவனோடு அங்கே வேலை பார்க்கும் எமல்டா.

அவன் பிடி தளர்ந்தது. அவள் ரீசெட் கொடுத்தாள். எழுபத்திரண்டு மறைந்தது. கட்டில் எண்ணையும், துடிப்பு வந்து சேரவேண்டிய வழியையும் அவள் வேகவேகமாக அமைத்தாள். ப்ராசஸர் ஓடத் தொடங்கியது. திரையில் பூஜ்யம் வந்து நின்றது.

"ரீசெட் ஆனா முதல்ல எல்லாமே பூஜ்யம்தானேக்கா?"

"ஆமா. ஆனா ஓட ஆரம்பிச்சதும் இப்ப உள்ள துடிப்பு வந்துடணும்."

எமல்டா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஏதோ செட் பண்ண பாக்கி இருக்குல்ல? நல்லாப் பாருங்கக்கா, எதையாவது மறந்திருப்பீங்க."