பிடித்துவைத்த குரல்

செவ்வாய்க் கிரகத்துக்குப் போனபின் ஒரு வார்த்தை வீடு வந்து சேர இருபது நிமிடம் ஆகும். அதற்கு இப்போதே பழகட்டும் என்று, தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்த விண்வெளி நிலையத்திலிருந்து கோமதி பேசுவதையும், வீட்டார் அவளிடம் பேசுவதையும் அவ்வளவு நேரம் பிடித்துவைத்துத்தான் விட்டார்கள்.

அவள் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. “ஏட்டி கோமு” என்று அவர் முனகியதை அனுப்பிவிட்டு, அவள் கணவன் சங்கரபாண்டி ஆராய்ச்சி அதிகாரியை அழைத்தான்.

“இன்னைக்கு மட்டும் நேரா விடுங்க சார். மக குரலைக் கேக்கத்தான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு.”

“புரியுது. ஆனா போற வழியில இப்படி ஒண்ணு நடந்தா எப்படித் தாங்குவாங்கன்னு இப்பப் பாத்தாத்தான் உண்டு.”

பால் ஊற்றினார்கள். அது கடைவாயில் வழிந்தது. தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது தலைமாட்டில் இருந்த போன் பேசியது.

“அப்பா, கோமுதான். சொல்லுங்கப்பா. அவசரமே இல்ல, மெதுவாப் பேசுங்க. காத்திருக்கிறது எனக்குப் பழகிப்போச்சு.”