நான்தான் கலாஷ்னிகோவ்

"ஏன் டீச்சர், ஒங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

கட்டுமாவடிப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. மேடை ஓரமாவே பரிமளா டீச்சரைப் பிடிச்சுக்கிட்டேன். நான் போட்ட சத்தத்துல மைக் செட்டுக்காரன் பாட்டை நிறுத்திட்டான்.

"மெதுவாப் பேசுங்க மூக்காயி. என்ன ஆச்சு?"

"அங்கிட்டுப் பாருங்க, இனியா என்ன வேஷத்துல நிக்கிறான்னு!"

இனியா எங்க எதிர்வீட்டுப் புள்ள, ஏழாவது படிக்கிறா. தொளதொளன்னு ஒரு கோட்டு, ஒட்டு மீசை, தோள்ல அட்டையில செஞ்ச துப்பாக்கி.

மாறுவேடப் போட்டிக்கு இந்த வருஷம் கண்டுபிடிப்பாளர்கள்னு தலைப்பு குடுத்திருந்தாங்க. என் மக கலைமதி பல்பைக் கையில வச்சுக்கிட்டு எடிசனா நிக்கிறா. ஒருத்தி ரேடியோ, ஒருத்தன் ரயிலு. இந்தப் புள்ளைக்கு மட்டும் துப்பாக்கி கண்டுபிடிச்சவன் வேஷமாம்!

"ஏகே-47 செஞ்ச கலாஷ்னிகோவ்," டீச்சர் குரலே எழும்பல. "நான் குடுக்கலைங்க. வேற யாரையாச்சும் எடுத்துக்கன்னு கெஞ்சிட்டேன். இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. பேச்சையும் அதுவே எழுதிக்கிச்சு."

"புள்ள வெசத்தைக் கேட்டாலும் குடுப்பீங்களோ?"

எனக்கு ஏன் கோவம் வராது? போன வருஷம் கடல்ல வலை இழுத்துக்கிட்டிருந்தப்பத்தான் அவங்க அப்பன் பிச்சையைச் சுட்டுப் போட்டாங்க. பொணமாத்தான் கரைக்கு வந்தாரு. யாரு சுட்டா, எதுக்குச் சுட்டா, இன்னிக்கு வரைக்கும் ஒரு பய வாயத் தொறக்கல.

மாலையைத் தூக்கிக்கிட்டு வந்த பெரிய மனுசங்க எல்லார்கிட்டயும் பிச்சை பொண்டாட்டி இன்னாசியம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"சுட்டவன் எவனா இருந்தாலும் வந்து, தப்புதான், மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டுப் போனாங்க. வந்து சொன்னவன் ஒருத்தன் இல்ல.

அந்த இன்னாசியம்மாதான் இப்ப முன் வரிசையில ஒக்காந்திருக்கா. மீன் வித்துட்டு வந்து, குளிச்சு, மக மேடை ஏறுறதப் பாக்க நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. என்ன வேஷம்னு மக மூச்சு விடல போல.

"டீச்சர், இப்பவே நிறுத்துங்க. தாயி பாத்தா தாங்கமாட்டா."

அதுக்குள்ள மைக்ல இனியா பேரு கூப்பிட்டாச்சு. நான் ஓடிப்போய் இன்னாசியம்மா பக்கத்துல ஒக்காந்தேன்.

மாறுவேடம்னா எங்க ஊருல ஒரு வழக்கம். காந்தி வேஷம் போட்டா, 'நான்தான் காந்தி'ன்னு ஆரம்பிக்கணும். கடைசி வரைக்கும் அவரு பேசுற மாதிரியே பேசணும். மாத்திப் பேசுனா மார்க்கு போயிரும்.

"வணக்கம். நான்தான் கலாஷ்னிகோவ்."

தோள்ல இருந்த துப்பாக்கியத் தொட்டுக் காட்டுனா.

"துப்பாக்கி கண்டுபிடிச்சவங்க நாங்க நெறையப் பேரு. கேட்லிங்குன்னு ஒருத்தர், ஒரே ஆளு சரமாரியாச் சுடுற மாதிரி செஞ்சாரு. அப்பச் சண்டைக்குக் கொஞ்சம் பேரு போனாப் போதும், சாவு கொறையும்னு நெனச்சாரு. கொறையல. மாக்சிம், விசைய அழுத்திப் பிடிச்சாத் தானாச் சுட்டுக்கிட்டே இருக்குற மாதிரி செஞ்சாரு. அப்புறம் நான் வந்தேன். என் துப்பாக்கி மண்ணுல கெடந்தாலும் சுடும். தண்ணியில நனைஞ்சாலும் சுடும்."

பக்கத்துல இன்னாசியம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறிருச்சு.

"அடிப் பாவி! அப்பன் செத்து வருஷம் திரும்பல, பெருமையா பேசுற? கீழ எறங்குடி!"

பின்னாலயும் நாலஞ்சு பேரு சேந்து கத்துனாங்க. "மைக்க அமத்துப்பா!" "என்ன புள்ள வளத்திருக்கா!" யாரோ வேணும்னே சத்தமா 'ச்சீ'ன்னாங்க.

மைக்கும் நின்னு போச்சு.

இனியா அழல. படிக்கட்டுல எறங்குனா. நேரா எங்ககிட்டதான் வந்தா. ஓங்கி ஒரு அறை விடணும்னு கைய எடுத்தேன். அவ என்னையப் பாக்கவே இல்ல. தோள்ல கெடந்த துப்பாக்கியக் கழட்டி அவங்க ஆத்தா காலடியில வச்சா. மீசை ஒரு பக்கம் பிஞ்சு தொங்குது. ஆம்பளை மாதிரி கொரலக் கனமாக்கிக்கிட்டு, கையக் கூப்பிச் சொன்னா:

"எந்தத் துப்பாக்கின்னு தெரியலங்க, எங்க ஆளுக யாராச்சும் செஞ்சதாத்தான் இருக்கும். சுட்டவன் வரலைல்ல, அதான் நான் வந்தேன். தப்புதாங்க இன்னாசியம்மா, மன்னிச்சுக்கங்க."