ஞாயிற்றுக்கிழமைக் குழாய்

“அண்ணே, குழாய் மறுபடியும் ஒழுகுது!”

போனில் தங்கச்சியின் குரலைக் கேட்டதும் பிளம்பருக்குத் தலை சுற்றியது. கூடப் பிறந்த தங்கச்சி இல்லை. ராணுவத்தில் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்த நண்பனின் மனைவி. எல்லையில் வெடித்த குண்டு நண்பனின் உயிரைப் பறித்தது. இவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊருக்குத் திரும்பி, சின்னதாக ஒரு குழாய் வேலைக் கடை வைத்துப் பிழைக்கிறார்.

அன்று காலையில்தான் நண்பனுக்காக நினைவுத் தூணில் மலர்வளையம் வைத்தார்கள். அவள் மகளோடு முன்வரிசையில், பதக்கத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். இவர் கடைசி வரிசையில் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் நழுவி வந்து, தன் ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் போன்.

“போன ஞாயித்துக்கிழமைதானேம்மா புது வாஷர் போட்டேன்?”

“அதான் எனக்கும் புரியல. சீக்கிரம் வாங்கண்ணே, சமையலறையெல்லாம் தண்ணி!”

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வீட்டைப் பாத்துக்கடா” என்று நண்பன் கேட்டிருந்தான். வாக்குக் கொடுத்தாயிற்று. போகாமல் முடியுமா?

அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நட்டு தொளதொளவென்று ஆடியது. போன வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிய அதே நட்டு.

அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. திங்கள் முதல் சனி வரை சாதுவாக இருக்கிற குழாய், ஞாயிறு வந்தால் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? முதலில் தண்ணீரைக் குறை சொன்னார். பிறகு வாஷர் செய்தவனைத் திட்டினார். ஒருமுறை மொத்தக் குழாயையும் மாற்றியும் பார்த்துவிட்டார். இனி எலி வந்து கழற்றுகிறது என்று சொல்வதுதான் பாக்கி.

“அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா இன்னும் நல்லா இறுக்கலாம்” என்று முணுமுணுத்தார். “போன வருஷம் எங்கயோ தொலைச்சேன். எங்கன்னுதான் தெரியல.”

“மாமா, வேலை முடிஞ்சுதா? பசிக்குது” என்று மகள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். மேஜையில் மூன்று தட்டுகள் தயாராக இருந்தன.

அவர் எழுந்திருக்கவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த வாரத்துல இருந்து வேற ஆளைக் கூப்பிட்டுக்கோம்மா. நான் நாளையோட கடையைச் சாத்திடறேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “என்னண்ணே சொல்றீங்க?”

“என் கை போச்சும்மா. ஒரு நட்டை இறுக்கக்கூடத் தெம்பில்ல. மத்த வீட்டுலயும் ஒழுகத்தான் செய்யும். பாவம்னு பாத்து யாரும் சொல்லாம இருக்காங்க போல.” மடங்காத விரல்களைத் தடவினார். “வீட்டைப் பாத்துக்கறேன்னு அவன்கிட்ட சொன்னேன். ஒரு குழாயைக்கூட என்னால பாத்துக்க முடியல.”

அவள் அலமாரியின் மேல்தட்டைத் துழாவி, எதையோ எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.

“மன்னிச்சிடுங்கண்ணே. உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் ஞாயித்துக்கிழமையானா இதை வச்சுக் கழட்டி விடறேன். நீங்க இறுக்கினதைக் கழட்டறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுது!”

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

அவள் சுவரில் மாட்டியிருந்த கணவனின் படத்துக்குப் பின்னாலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நண்பனின் கோணல்மாணலான எழுத்து. அவன் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதம்.

‘எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவனைப் பாத்துக்கோ. அவனுக்குன்னு யாரும் இல்ல. சாப்பிட வான்னா வரமாட்டான், ஏதாவது வேலை இருக்குன்னு சொல்லிக் கூப்பிடு.’